மலேரியா நோயாளியை வார்டில் கவனிப்பது: அறிகுறிகளையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் படிக்க முழுமையான வழிகாட்டி

மலேரியா என்று சேர்க்கப்பட்டவரின் கேஸ் ஷீட்டை வார்டுக்குப் புதிதாக வந்தவர் கையில் எடுத்தால், கண் முதலில் போவது தட்டணு எண்ணிக்கைக்குத்தான். 40,000 என்று பார்த்ததும் பதறிவிடுவார்கள். அதே தாளில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.8 என்று இருக்கும். கட்டிலில் நோயாளி நிமிடத்துக்கு 34 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அது கண்ணில் படாது.

பாடம் தெரியாமல் இல்லை. எதை முதலில் பார்ப்பது, எதை எதோடு சேர்த்துப் படிப்பது என்று வரிசைப்படுத்திச் சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. அந்த வரிசைதான் கீழே இருக்கிறது. பயிற்சி மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்பனர் மூவரையும் மனதில் வைத்து எழுதியது. எந்த மருந்து, எவ்வளவு என்பது அந்தந்த நாட்டின் சிகிச்சை நெறிமுறைப்படி மருத்துவர் முடிவு செய்வது. அதற்குள் நான் போகவில்லை.

1. ரத்தம் எடுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

காய்ச்சல் தொடங்கிய நாள், போய்வந்த இடங்கள், முன்பு மலேரியா வந்ததா, இங்கே வருவதற்கு முன் போட்ட மாத்திரைகள், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், பெண்ணாக இருந்தால் கர்ப்பமா என்பது. இவற்றைக் கேட்டு எழுதிவிடுங்கள். எடையையும் பாருங்கள். மருந்தளவு முழுக்க எடையைப் பொறுத்தது. குத்துமதிப்பாக எழுதிய எடை பிறகு மருந்தளவு தவறுவதற்கே வழிசெய்யும்.

பயணத்தைப் பற்றிக் கேட்கும்போது "போன வாரம் எங்கே போனீர்கள்" என்று நிறுத்திக்கொள்வது வழக்கமான தவறு. மலேரியாக் கிருமியில் பல இனங்கள் உண்டு. அவற்றில் பால்சிபாரம் பெரும்பாலும் கொசு கடித்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலாக வெளிப்படும். வைவாக்ஸும் ஓவலேயும் அப்படியல்ல. கல்லீரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்தும் எழும்பும். அதனால் குறைந்தது ஓராண்டுக் கதையையாவது கேட்க வேண்டும்.

மாத்திரைகளைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. வெளியே யாரோ கொடுத்த மலேரியா மருந்தைப் பாதி போட்டுவிட்டு வந்தவரின் ரத்தத்தில் கிருமி தற்காலிகமாகக் குறைந்திருக்கும். கண்ணாடித்துண்டில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் பூச்சில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

அடுத்து ஒரே தாளில் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் நேரம். பக்கத்தில் வெப்பநிலை, நாடி, ரத்த அழுத்தம், மூச்சு வேகம், சுயநினைவு, சிறுநீர் அளவு, ரத்தச் சர்க்கரை. அதற்குக் கீழேயே ரத்தப் பரிசோதனை முடிவுகள். ரிப்போர்ட் கைக்கு வந்த நேரத்தை எழுதாதீர்கள். ரத்தம் எடுத்த நேரத்தை எழுதுங்கள். காலை 6 மணிக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு மதியம் வரும். நடுவில் ஒரு ஊசி மருந்தும் ஒரு பாட்டில் டிரிப்பும் போயிருக்கும். நேரம் மாறினால் முடிவின் பொருளே மாறிவிடும்.

2. அறிகுறிகளை நேரத்தோடு எழுதுதல்

குளிர் நடுக்கம், அப்புறம் கொதிக்கும் காய்ச்சல், அப்புறம் வியர்த்துக் கொட்டி இறங்குவது, இது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பாடப்புத்தகம் சொல்லும். குவார்ட்டன் எனப்படும் மலேரியே இனத்தில் 72 மணி, நோலெசி இனத்தில் 24 மணி. ஆனால் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்தில் வருகிறார்கள். அப்போது கிருமிகள் எல்லாம் ஒரே சமயத்தில் சிவப்பணுவை உடைத்து வெளிவருவதில்லை. காய்ச்சல் தாறுமாறாக இருக்கும், பால்சிபாரத்தில் விடாமலும் இருக்கும். ஒழுங்கான முறைக்காய்ச்சல் இல்லை என்பதற்காக "மலேரியா மாதிரி இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

சேர்க்கும் நேரத்தில் உடல் சூடில்லை என்றாலும் அதே கதைதான். எப்போது பாராசிட்டமால் போட்டார் என்பதைக் கேட்டு வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே குறியுங்கள்.

தலைவலி, உடம்பு வலி, வாந்தி, வயிற்று வலி, சில சமயம் வயிற்றுப்போக்கு, வறட்டு இருமல் எல்லாமே வரும். இவற்றில் வாந்திக்கு மட்டும் மணி நேரம் போதாது, நிமிடக் கணக்கு வேண்டும். மாத்திரை விழுங்கிய அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுக்க வேண்டிவரும். "காலையில் ஒருமுறை வாந்தி" என்ற குறிப்பு இரவுப் பணிக்கு வருபவருக்கு எந்த உதவியும் செய்யாது.

சிறுநீரின் நிறத்தை நோயாளி சொல்லக் கேட்டு எழுதாமல் நீங்களே பாருங்கள். கடும் தேநீர் நிறத்தில் இருந்தால் சிவப்பணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைகின்றன என்ற சந்தேகம் வர வேண்டும். சாதாரணக் காய்ச்சல் சிறுநீரின் அடர்மஞ்சள் வேறு, இது வேறு.

மண்ணீரலை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வேகமாக வீங்கிய மண்ணீரல் எளிதில் கிழியும். இடது மேல்வயிற்றில் திடீர் வலியும் இடது தோள் வலியும் சேர்ந்து வந்தால், அதை உடம்பு வலிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

3. ரிப்போர்ட் வரும் முன்பே பார்க்க வேண்டிய ஆபத்துகள்

கடும் மலேரியாவின் பாதி விஷயம் கட்டிலருகிலேயே தெரிந்துவிடும். ஆய்வக முடிவுக்குக் காத்திருப்பதில் போகும் நேரம்தான் பெரிய இழப்பு.

சுயநினைவு முதலில். கிளாஸ்கோ அளவுகோலில் பெரியவருக்கு 11க்குக் கீழே போனால் கடும் மலேரியா. சிறு குழந்தைகளுக்கு பிளான்டைர் அளவுகோலில் 3க்குக் கீழே. 24 மணி நேரத்தில் இரண்டுக்கு மேற்பட்ட வலிப்பும் அந்தக் கணக்கில் வரும். பிடித்துக்கொள்ளாமல் உட்காரவோ நிற்கவோ நடக்கவோ முடியாத தளர்ச்சியும் அப்படியே. இதைப் பலரும் "ரொம்ப அசதி" என்று எழுதிக் கடந்துவிடுகிறார்கள். எழுந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மயக்கமோ வலிப்போ இருந்தால் கையில் எடுக்க வேண்டிய முதல் கருவி குளுக்கோமீட்டர். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே போவதே கடும் மலேரியாவின் ஓர் அடையாளம். மூளை மலேரியா என்று முடிவுகட்டிவிட்டுச் சர்க்கரையைப் பார்க்க மறப்பது மன்னிக்க முடியாத தவறு, ஏனென்றால் இது சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடியது. குழந்தைகள், கர்ப்பிணிகள், குயினைன் ஏறுபவர்கள் ஆகியோருக்கு ஒருமுறை பார்த்து விட்டுவிடக் கூடாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். குயினைன் இன்சுலினைச் சுரக்க வைக்கும்.

மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். வேகமும் ஆழமுமாக மூச்சு வாங்கி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சத்தம் சுத்தமாக இருந்தால், ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம். நிமோனியா என்று நினைத்து எக்ஸ்ரேவுக்கு வரிசையில் நிற்க வைப்பது இங்கே அடிக்கடி நடக்கும் தடுமாற்றம். மாறாக, மூச்சு 30க்கு மேல், ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்குக் கீழே, நெஞ்சில் கரகரப்பு என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் டிரிப் உதவி செய்யாது, நோயாளியை மேலும் மூழ்கடிக்கும். மலேரியாவில் டிரிப்பின் வேகத்தை யாரும் பார்க்காமல் விடுவது எனக்கு எப்போதும் பயம் தரும் விஷயம்.

4. ரத்தம் எடுக்கும் வரிசை

முதல் டோஸுக்கு முன் ரத்தப் பூச்சு. இதில் சமரசம் வேண்டாம். காய்ச்சல் உச்சத்துக்கு ஏறட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தேவையில்லை, நோயாளி வந்ததும் எடுங்கள். ஆனால் ஆபத்து அறிகுறி இருந்தால் ரத்தம் எடுத்த கையோடு மருந்து தொடங்கட்டும், பூச்சின் முடிவுக்காக நிற்க வேண்டாம்.

அடுத்து ரத்த அணுக்கள் முழு எண்ணிக்கைக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாய். அதே குழாயிலிருந்து பூச்சு போடுவதானால் ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதித்தால் கிருமியின் உருவம் குலைந்து எந்த இனம் என்று சொல்வது சிரமமாகும்.

சர்க்கரை ஆய்வகத்துக்குப் போவதானால் ஃபுளூரைடு குழாய். சாதாரணக் குழாயில் நின்றால் அணுக்களும் கிருமிகளும் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், பொய்யாகக் குறைந்த எண் வரும். கிரியேட்டினின், யூரியா, பிலிருபின், சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட்டு, முடிந்தால் லாக்டேட்டு ஆகியவையும் இதே முறை எடுத்துவிடுங்கள்.

ரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்று தோன்றினால், ஏற்றுவதற்கு முன்பே, சிவப்பணுவைக் காக்கும் நொதியான ஜி6பிடி பரிசோதனைக்கும் எடுத்துவைக்க வேண்டும். பிறகு எடுத்தால் கொடையாளரின் ரத்தத்தைச் சோதித்ததாகிவிடும். ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துக்கு முன் ரத்தக் கல்ச்சர். மலேரியாவோடு பாக்டீரியாவும் ரத்தத்தில் இருப்பது, குறிப்பாகக் குழந்தைகளிடம், அரிதல்ல.

5. பூச்சைப் படித்தல்: இனம், எண்ணிக்கை, பருவம்

தடித்த பூச்சு கிருமி இருக்கிறதா என்று தேட, மெல்லிய பூச்சு என்ன இனம் என்று சொல்ல. மெல்லியதை மெத்தனாலில் நிலைப்படுத்த வேண்டும். தடித்ததை நிலைப்படுத்தக் கூடாது, சூடுகாட்டிக் காயவைக்கவும் கூடாது. அப்படிச் செய்தால் சிவப்பணுக்கள் கரையாமல் நின்று கிருமியை மறைக்கும். இரண்டும் ஒரே கண்ணாடித்துண்டில் இருந்தால், மெத்தனால் தடித்த பூச்சின் பக்கம் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவியே போதும் கெடுப்பதற்கு.

நிறமேற்றும் ஜீம்சா கரைசலின் காரஅமில அளவு 7.2 இருக்க வேண்டும். அமிலப் பக்கம் போனால், வைவாக்ஸ் புகுந்த சிவப்பணுவில் தெரிய வேண்டிய ஷூஃப்னர் புள்ளிகள் தெரியாமல் போகும்.

தடித்த பூச்சில் கிருமி இல்லை என்று சொல்ல எண்ணெய் லென்சில் குறைந்தது 100 களங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பூச்சில் இல்லை என்றால் மலேரியா இல்லை என்று ஆகாது. சந்தேகம் தொடர்ந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 200 வெள்ளையணுக்களை எண்ணும் இடத்தில் 500 கிருமிகள் தென்பட்டால், மைக்ரோலிட்டருக்கு 8,000 வெள்ளையணு என்று வைத்து 20,000 கிருமி என்று கணக்கிடுவார்கள். மலேரியாவில் வெள்ளையணு பெரும்பாலும் குறைந்திருக்கும். இவருக்கு உண்மையில் 4,000தான் என்றால் கிருமியும் 10,000தான். முழு எண்ணிக்கை கையில் இருக்கும்போது அதையே பயன்படுத்துங்கள்.

சதவீதமாகச் சொல்லும்போது எண்ண வேண்டியது கிருமி புகுந்த சிவப்பணுக்களை. ஓர் அணுவுக்குள் இரண்டு வளையங்கள் (இளம் கிருமிகள்) இருந்தாலும் அது ஒன்றுதான். பாலினப் பருவமான கேமிட்டோசைட்டுகளை இதில் சேர்க்கக் கூடாது. பால்சிபாரத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் கடும் மலேரியா. வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களையே விரும்புவதால் 2 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம்.

கிருமி எந்த வளர்ச்சிப் பருவத்தில் இருக்கிறது என்பதைப் பலர் ரிப்போர்ட்டில் எழுதுவதே இல்லை. நான் இதை எண்ணிக்கைக்குச் சமமாக மதிப்பேன். பால்சிபாரத்தின் முதிர்ந்த பருவங்கள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். விரலில் எடுத்த ரத்தத்தில் இளம் வளையங்கள் மட்டுமே சுற்றிவரும். ஆக, பூச்சில் குறைவாக இருந்தாலும் மூளையிலும் சிறுநீரகத்திலும் நிறைய இருக்கலாம். முதிர்ந்த பருவங்களே பூச்சில் தென்பட ஆரம்பித்தால், வெள்ளையணுக்களுக்குள் பழுப்பு நிறமி தெரிந்தால், எண் சிறியதாக இருந்தாலும் மருத்துவரை அழையுங்கள். இன்னொன்று: மலேரியே என்று தோன்றி எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தால் அது நோலெசியாக இருக்கலாம். உருவத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

விரைவுச் சோதனைப் பட்டை பூச்சுக்கு மாற்றல்ல, துணை. எச்ஆர்பி2 புரதத்தைத் தேடும் பட்டை, நோய் குணமாகி வாரக்கணக்கில் ஆன பிறகும் கோடு காட்டும். அந்தப் புரதத்துக்கான மரபணு இல்லாத பால்சிபாரமும் உண்டு, அதில் கோடு வராமல் போகும்.

6. தட்டணு: எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம்

மலேரியாவில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்குத் தட்டணு 1,50,000க்குக் கீழேதான் இருக்கும். வீங்கிய மண்ணீரல் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளும், எதிர்ப்புப் பொருட்கள் கொஞ்சம் அழிக்கும், உறைதலில் கொஞ்சம் செலவாகும். இவ்வளவு விழுந்தும் ரத்தக்கசிவு அபூர்வம்.

எண் மிகக் குறைந்து வந்தால் முதலில் பூச்சிலேயே பாருங்கள். ஈடிடிஏ குழாயில் தட்டணுக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டால் இயந்திரம் குறைத்து எண்ணும். மலேரியாவில் பெரிய அளவுத் தட்டணுக்களும் வரும், அவற்றையும் இயந்திரம் தவறவிடக்கூடும்.

பிறகு நோயாளியைப் பாருங்கள். ஈறு, மூக்கு, ஊசி குத்திய இடம், மலத்தின் நிறம். கசிவு இல்லை என்றால் எண்ணை மட்டும் வைத்துத் தட்டணு ஏற்றுவதால் ஆதாயம் இல்லை. மருந்து வேலை செய்யத் தொடங்கிய சில நாட்களில் தானாக ஏறும். ஆஸ்பிரின், புருஃபென் வகை மாத்திரைகளை மட்டும் யாரும் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெங்குவோடு குழப்பிக்கொள்வது இங்கேதான். இரண்டிலும் தட்டணு விழும். டெங்குவில் ரத்த நீர் கசிந்து வெளியேறும்போது ஹீமட்டோகிரிட்டு, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறும். மலேரியாவில் அது இறங்கும். தட்டணுவைத் தனியாகப் பார்க்காமல் பக்கத்து வரியையும் பாருங்கள். இரண்டு நோயும் ஒருவருக்கே சேர்ந்து வரவும் கூடும், ஒன்று உறுதியானதும் மற்றதை மறந்துவிட வேண்டாம்.

7. ஹீமோகுளோபின்: முதல் எண்ணை நம்பாதீர்கள்

வாந்தியும் வியர்வையுமாக நீர் வற்றி வந்தவரின் முதல் ஹீமோகுளோபின் உண்மையைவிட உயர்ந்து தெரியும். டிரிப் ஏறியதும் அடுத்த நாள் இரண்டு கிராம் குறைந்து வந்தால், எங்கோ ரத்தம் போகிறது என்று ஓடுவார்கள். பாதி நீர் சேர்ந்ததால், மீதி உண்மையான அழிவால்.

அந்த அழிவு கிருமி புகுந்த அணுக்களோடு நிற்பதில்லை. புகாத அணுக்களும் அதைவிட அதிகமாக மண்ணீரலில் சிக்கி அழிகின்றன. எலும்பு மஜ்ஜையும் அந்த நாட்களில் மந்தமாக இருக்கும். அதனால் பூச்சில் கிருமி குறைவு என்பதை வைத்து ரத்தசோகை வராது என்று சொல்லக் கூடாது. கிருமி மறைந்த பிறகும் சில நாட்கள் எண் இறங்கும்.

கடும் ரத்தசோகைக்கு உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் எல்லை: 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 5 கிராம் அல்லது அதற்குக் கீழ், பெரியவர்களுக்கு 7 கிராமுக்குக் கீழ், கூடவே மைக்ரோலிட்டருக்கு 10,000க்கு மேல் கிருமி. ரத்தம் ஏற்றுவதை எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. மூச்சுத் திணறல், நாடி, இறங்கும் வேகம் எல்லாம் சேர்ந்துதான்.

8. வெள்ளையணு

பெரும்பாலும் இயல்பு அல்லது குறைவு. உயர்ந்து வந்தால் மலேரியாவின் மேல் பழிபோட்டு விட்டுவிடாமல், கடும் நோயா, கூடவே பாக்டீரியா தொற்றா என்று தேடுங்கள்.

9. சிறுநீரகம், கல்லீரல், அமிலம்

இந்த மூன்று வரிகள்தான் தட்டணுவுக்கு முன்னால் படிக்க வேண்டியவை. கிரியேட்டினின் 3 மில்லிகிராமைத் தாண்டினால் கடும் மலேரியா. ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சிறுநீர் மணிக்கு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் அரை மில்லிலிட்டருக்குக் கீழே போகும்போதே அட்டவணையில் அது தெரிந்துவிடும். அளவுக் குடுவை இல்லாமல் "சிறுநீர் போகிறார்" என்று எழுதுவதில் பயனில்லை.

மஞ்சள் காமாலையைப் படிக்கும்போது பிலிருபினின் எந்தப் பகுதி உயர்ந்திருக்கிறது என்று பாருங்கள். மறைமுகப் பகுதி அதிகம் என்றால் பெரும்பாலும் அணுச்சிதைவு. நேரடிப் பகுதியும் ஏறினால் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். பால்சிபாரத்தில் பிலிருபின் 3 மில்லிகிராமுக்கு மேலும் கிருமி 1,00,000க்கு மேலும் சேர்ந்தால்தான் அது தனி ஆபத்து அடையாளம். காமாலை மட்டும் இருந்து மற்றவை நன்றாக இருக்கும் நோயாளிகள் பலர்.

பைகார்பனேட்டு லிட்டருக்கு 15 மில்லிமோலுக்குக் கீழ், லாக்டேட்டு 5 அல்லது அதற்கு மேல் என்றால் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது. இந்த இரண்டையும் மூன்றாம் பகுதியில் சொன்ன ஆழ்ந்த மூச்சோடு இணைத்துப் படியுங்கள். சோடியம் கொஞ்சம் குறைந்திருப்பது சகஜம், அவசரப்பட்டு ஏற்ற வேண்டாம்.

10. மருந்து தொடங்கிய பிறகு

முதல் டோஸ் போன நாளை நாள் 0 என்று எழுதுங்கள். அதை நாள் 1 என்று எழுதுபவர் பாதிப் பேர், மூன்றாம் நாள் பூச்சு தப்பான நாளில் எடுக்கப்படும்.

முதல் 12 முதல் 24 மணி நேரத்தில் கிருமி எண்ணிக்கை ஏறக்கூடும். ஒட்டிக்கொண்டிருந்த முதிர்ந்த பருவங்கள் உடைந்து புதிய வளையங்கள் வெளிவருவதால் அப்படி. மருந்து தோற்றது என்று இப்போதே அறிவிக்க வேண்டாம். நாள் 2இல் நாள் 0ஐவிட அதிகம் என்றாலோ, நாள் 3இல் முதல் எண்ணிக்கையின் 25 சதவீதமோ அதற்கு மேலோ மீதி இருந்தாலோ, நாள் 3இல் காய்ச்சலோடு கிருமியும் இருந்தாலோ, அப்போது யோசிக்க வேண்டும். கேமிட்டோசைட்டு மட்டும் மீந்திருப்பது தோல்வி அல்ல. அவை வாரக்கணக்கில் சுற்றும்.

கடும் மலேரியாவுக்கான மருந்தான ஊசிவழி ஆர்ட்டிசுனேட்டு குறைந்தது 24 மணி நேரம் தர வேண்டும். வாய்வழி விழுங்க முடிந்ததும் முழு மூன்று நாள் கூட்டு மாத்திரை தொடர வேண்டும். நன்றாகிவிட்டார் என்று ஊசியோடு நிறுத்துவது, கிருமி திரும்பி வருவதற்குக் கதவைத் திறந்துவிடுவதுதான்.

11. வீட்டுக்கு அனுப்பும் முன்

ஊசிவழி ஆர்ட்டிசுனேட்டு பெற்றவருக்கு, கிருமி எல்லாம் போன பிறகு, ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள் சிவப்பணுக்கள் திடீரென்று சிதையலாம். மருந்து கிருமியைக் கொன்றபின் மண்ணீரல் அதைப் பிடுங்கியெடுத்துச் சிவப்பணுவைத் திரும்ப ஓட விடும். அந்த அணுக்களுக்கு ஆயுள் குறைவு, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் அழியும். எனவே நான்கு வாரம் வரை வாரம் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்க்கத் தேதி எழுதிக் கொடுங்கள். சிறுநீர் கருத்தாலோ, படி ஏறினால் மூச்சு வாங்கினாலோ தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள்.

வைவாக்ஸ், ஓவலே நோயாளிக்குக் கல்லீரலில் உறங்குவதை அழிக்கப் பிரிமாகுயின் வேண்டும். அதற்கு முன் ஜி6பிடி முடிவு வேண்டும்; குறைபாடு உள்ளவருக்கு அந்த மருந்தே சிவப்பணுக்களை உடைக்கும். அணுச்சிதைவு நடந்துகொண்டிருக்கும் நாட்களில் எடுத்த ஜி6பிடி பொய்யாக இயல்பு என்று வரலாம். நொதி குறைந்த பழைய அணுக்கள் அழிந்து, நொதி நிறைந்த இளம் அணுக்களே மீந்திருப்பதுதான் காரணம். சந்தேகம் இருந்தால் சில மாதங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பு டிஸ்சார்ஜ் தாளிலேயே இருக்கட்டும், அடுத்து பார்ப்பவர் வேறொருவராக இருப்பார்.